நான்கு பாடமும் ஒரு கேள்வியும்

“அக்கா, மாஸ்டர்ஸ் லா பண்ணப் போறேன். எந்த சப்ஜெக்ட் எடுத்தா நல்லது?”

பல்கலைக்கழகங்களின் புதிய தவணை நெருங்கினால் போதும், வானொலியில் கல்வி நேரம் முடிந்த கையோடு இப்படிக் குரல் பதிவுகள் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தொட்டும் தொடாமலும் இருப்பவர்கள். சேம்பரிங் முடித்து இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்த வழக்கறிஞர்கள், வங்கியில் சட்டப் பிரிவில் இருப்பவர்கள், விரிவுரையாளராக வேண்டும் என்ற ஆசையில் இருப்பவர்கள். கூடவே பாடப் பட்டியலைப் படமெடுத்து அனுப்புவார்கள். இருபது முப்பது தலைப்பு இருக்கும். அதில் நான்கைந்தை நான் தொட்டுக் காட்ட வேண்டுமாம்.

நான் படித்தது ஊடகத் துறை. சட்டம் என்று நான் உட்கார்ந்து படித்தது அவதூறு, அச்சகச் சட்டம் பற்றிய ஒரே ஒரு பாடம். ஆகவே தொட்டுக் காட்டும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் நிகழ்ச்சிக்காகச் சட்ட விரிவுரையாளர்களிடமும், ஆய்வு முடித்தவர்களிடமும், பாதியில் விட்டவர்களிடமும் பேசியதில் ஒரு விஷயம் பிடிபட்டிருக்கிறது. ஆய்வோடு சேர்ந்த பட்டத்துக்குப் போகிறவர், பாடப் பட்டியலை இரண்டாவதாகத்தான் கையில் எடுக்க வேண்டும். முதலில் எடுக்க வேண்டியது ஒரு வெள்ளைத்தாள். அதில் தன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் சில அடிப்படைகள். நம் நாட்டில் முதுகலைப் பட்டம் மூன்று வழியில் நடக்கிறது. பெரும்பகுதி வகுப்பும் பாடமுமாகப் போவது கோர்ஸ்வர்க். ஆய்வேடு மட்டும் எழுதுவது ரிசர்ச். இரண்டும் கலந்தது மிக்ஸட் மோட்; இதில் பாடங்களை முடித்துவிட்டு, நல்ல கனமான ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும். கோர்ஸ்வர்க்குக்கும் மிக்ஸட் மோடுக்கும் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும் என்பது மலேசியத் தகுதி முகமையின் விதி. முழு ஆய்வுக்குக் கிரெடிட் கணக்கு இல்லை.

இந்தக் கிரெடிட் என்ற சொல்லை யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் உழைக்கிறார் என்று பொருள். வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். நான்கு கிரெடிட் பாடம் ஒன்று 160 மணி நேரம். 14 வாரத் தவணையில் பரப்பினால் வாரத்துக்கு 11 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. இரண்டு பாடம் எடுத்தால் 23 மணி நேரம். காலையில் கோர்ட், மாலையில் கோப்பு, இரவில் வகுப்பு என்று ஓடுகிறவருக்கு அது ஏறக்குறைய இன்னொரு பாதி வேலை. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் போகும் நேரம் இந்தக் கணக்கில் சேராது! ஆய்வுக்கு உதவாத ஒரு பாடத்தை ‘சி.வி.யில் அழகாக இருக்கும்’ என்று எடுத்தால், அந்த 160 மணி நேரம் திரும்ப வராது.

கிள்ளான் பக்கத்தைச் சேர்ந்த ஓர் இளம் வழக்கறிஞர் அனுப்பிய பட்டியலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். அனைத்துலக வணிகச் சட்டம், அறிவுசார் சொத்துச் சட்டம், மனித உரிமை, செயற்கை நுண்ணறிவும் சட்டமும். இவைதான் அவர் குறித்து வைத்திருந்த நான்கு. சரி, எதைப் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். “எஸ்டேட் மக்களோட வீட்டுப் பிரச்சினை அக்கா. எங்க பாட்டி லயத்து வீட்டுலதான் இருந்தாங்க. தோட்டத்த வித்ததும் வெளிய வந்துட்டாங்க” என்றார்.

பட்டியலில் உள்ள நான்கில் மூன்றுக்கும் பாட்டியின் லயத்து வீட்டுக்கும் தொடர்பே இல்லை. மனித உரிமை மட்டும் தூரத்து உறவு.

‘எஸ்டேட் மக்களின் வீட்டுப் பிரச்சினை’ என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு பாடம் தேர்வு செய்ய முடியாது. நேர்காணலிலும் அப்படித்தான். ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று மைக்கை நீட்டினால் எதிரே இருப்பவர் விழிப்பார். ‘அந்த வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால் பேச்சு வரும். சட்ட ஆய்விலும் சாவியைத் தேட வேண்டும்.

அவரும் நானும் அரை மணி நேரம் பேசினோம். தோட்டம் கைமாறும்போது அந்தக் குடும்பத்தின் மீது எத்தனை சட்டம் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது என்று அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

வேலை போவது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கான இழப்பீட்டுக் கணக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம். 25 ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு 500 நாள் சம்பளம் வர வேண்டும். வீட்டின் தரத்தைப் பற்றிப் பேசுவது 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம். தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் என்பார்கள். நிலம் கைமாறுவதோ தேசிய நிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் 214ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 40 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்ட நிலத்தைக் கைமாற்ற எஸ்டேட் நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அது சொல்கிறது. ஒப்புதல் தரும்போது அங்கே குடியிருப்பவர்களின் கதியை அந்த வாரியம் எப்படிப் பார்க்கிறது? இது ஒன்றே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

இன்னொரு திசையும் இருக்கிறது. பேராக்கில் அரசு நிலத்தில் குடியேறிய சிடெக் என்பவரும் மேலும் 461 பேரும் தொடுத்த வழக்கை, அனுமதியின்றிக் குடியேறியவர்களுக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, ஈக்விட்டி எனப்படும் சமநீதியிலும் உரிமை இல்லை என்று சொல்லி 1982இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளியது. ஆனால் லயத்தில் இருந்த பாட்டி அனுமதியில்லாமல் குடியேறியவர் அல்லவே? முதலாளி கொடுத்த வீட்டில் இருந்தவர். அதே வீட்டில் பிள்ளை பெற்றவர், பின்பக்கத்தில் கோழிக் கூண்டும் குசினியும் சொந்தக் காசில் கட்டிக்கொண்டவர். வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீடு, வேலை முடிந்ததும் போய்விட வேண்டியதுதானா? அல்லது இத்தனை ஆண்டு அனுமதியோடு இருந்தது அவருக்கு ஏதாவது பாத்தியதையைக் கொடுக்கிறதா?

“அக்கா, இதுதான் என் கேள்வி” என்றார்.

இனி பாடப் பட்டியலைப் பார்த்தால் குழப்பம் வராது. மேல்நிலைத் தொழில் சட்டம் ஒன்று. நிலச் சட்டம் ஒன்று. சமநீதி பற்றிய பாடம் அந்தத் தவணையில் இருந்தால் அது ஒன்று. ஆய்வு முறை கட்டாயம். மனித உரிமைப் பாடத்தில் வீட்டுக்கான உரிமை பற்றிய பகுதி இருந்தால் அதையும் யோசிக்கலாம். செயற்கை நுண்ணறிவை நான் குறை சொல்லவில்லை. 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2024இல் திருத்தியிருக்கிறார்கள். அதில் உண்மையான ஆர்வமும் கேள்வியும் உள்ளவர் தாராளமாகப் போகலாம். ‘எல்லாரும் எடுக்கிறார்கள்’ என்பது மட்டுமே காரணமாக இருந்தால்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

நம் பிள்ளைகள் பட்டியலில் கண்ணை ஓட்டும்போது யோசிக்காமலே தாண்டிப் போகும் ஒரு வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்லாமியக் குடும்பச் சட்டம், சரியா நீதிமன்ற நடைமுறை, இஸ்லாமியச் சட்ட நிர்வாகம். ‘அது நமக்கில்லை’ என்று போய்விடுகிறார்கள். குடும்பச் சட்டத்திலோ அரசியலமைப்பிலோ ஆய்வு செய்ய நினைப்பவர் இதைத் தாண்டிப் போனால் பாதி வரைபடம் இல்லாமல் காட்டுக்குள் போகிற மாதிரி.

திருமதி இந்திரா காந்தியின் வழக்கு நமக்கெல்லாம் தெரியும். 2009இல் அவருடைய மூன்று பிள்ளைகளையும் கணவர் ஒருதலையாக மதமாற்றம் செய்தார். வழக்கு ஈப்போவில் தொடங்கி 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்றது நீதிமன்றம். நம் வீடுகளில் அதை ஒரு தாயின் போராட்டமாகவே பேசினோம். சட்ட மாணவர் அதற்குள் இறங்கினால் அடுக்கடுக்காக வேறு கேள்விகள் வருகின்றன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தை யார் முடிவு செய்வது என்று கூறும் 12(4)ஆவது விதியில் ஆங்கிலச் சொல் ஒருமையில் இருக்கிறது. மலாய் வாசகத்தில் ‘இபு அத்தாவ் பாப்பா’, அதாவது தாய் அல்லது தந்தை என்று இருக்கிறது. எந்த வாசகத்தை எப்படிப் படிப்பது? சரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1988இல் சேர்த்த 121(1ஏ) விதி எதுவரை போகும்? இஸ்லாமியச் சட்டம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலச் சட்டத்திலும் என்ன வேறுபாடு?

இதில் எதற்கும், அந்தப் பக்கத்துச் சட்டத்தை அதன் சொந்த மொழியிலும் தர்க்கத்திலும் படிக்காமல் விடை எழுத முடியாது. படிக்காமல் எழுதுகிற ஆய்வேடு மனக்குறையாக இருக்கும், ஆய்வாக இருக்காது. படிப்பது வேறு, வாதாடுவது வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். விக்டோரியா ஜெயசீலி மார்ட்டின் என்ற வழக்கறிஞர் சரியா சட்டத்தில் டிப்ளோமா படித்து, கூட்டரசுப் பிரதேசத்தின் சரியா நீதிமன்றங்களில் வழக்காட அனுமதி கேட்டார். முஸ்லிம் அல்லாதவர் என்ற காரணத்தால் அந்த அனுமதி கிடைக்காது என்று 2016இல் கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்தது. வாதாடும் கதவு அங்கே மூடியிருக்கிறது. படிக்கும் கதவை நாமே சாத்திக்கொள்ள வேண்டுமா?

ஆய்வு முறைப் பாடத்துக்கு வருகிறேன். எல்லாரும் கசாயம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும் பாடம் இதுதான். எனக்கு என்னமோ இதுதான் மிகவும் சுவையான பாடமாகத் தெரிகிறது. ஒருவேளை என் தொழில் அப்படியோ என்னவோ. சட்ட மாணவர்களில் பலருக்கு ஆய்வு என்றால் தீர்ப்புகளையும் சட்டங்களையும் படித்து அலசுவது. அது ஒரு முறை, நல்ல முறைதான். ஆனால் லயத்து வீட்டுக் கேள்விக்குத் தீர்ப்பு மட்டும் போதாது. நீதிமன்றத்துக்கே போகாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறியவர்கள் எந்தத் தீர்ப்பிலும் இருக்க மாட்டார்கள். அவர்களை நேரில் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பதற்கு முன்னால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம், கேள்விப் பட்டியல், சம்மதப் படிவம் என்று அதற்கே வாரக் கணக்கில் ஆகலாம். ஆகவே ஆய்வு முறைப் பாடத்தைக் கடைசித் தவணைக்குத் தள்ளாதீர்கள். சம்மதப் படிவம் ஆங்கிலத்திலோ மலாயிலோ மட்டும் இருந்தால், எழுபது வயதுப் பாட்டி எதற்குச் சம்மதித்தார் என்று அவருக்கே தெரியாது. நாங்கள் ஒருவரின் குரலை ஒலிபரப்புவதற்கு முன், எந்தப் பகுதி போகும், பெயர் வருமா வராதா என்று அவர் மொழியில் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் செய்வோம். ஆய்வாளருக்கும் அதே கடமைதான். கையெழுத்துப் போடத் தெரியாதவரின் சம்மதத்தை எப்படிப் பதிவு செய்வது என்று முதலிலேயே விரிவுரையாளரிடம் கேட்டு வையுங்கள்.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. யாரும் அதைத் தகுதியாக எழுதுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தோட்டத்துப் பெரியவரோடு உட்கார்ந்து பேச முடியும். ‘கங்காணி’, ‘பிரட்டு’, ‘துண்டு’ என்று அவர் சொன்னால் புரியும். தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்த நாளிதழ். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களை வீட்டில் உட்கார்ந்தே புரட்டலாம். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் இலாகா கோப்புகளை அங்கே கேட்டுப் பார்க்கலாம். ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அந்த ஒரு வரியிலிருந்து எத்தனை தமிழ்ப்பள்ளிகள் வந்தன, எத்தனை தோட்டங்கள் அதை ஏய்த்தன என்று தேடப் புகுந்தால் சட்ட வரலாற்றில் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும். சட்ட வரலாறு பாடப் பட்டியலில் இருந்தும் யாரும் எடுக்காமல் கிடப்பதுண்டு.

பட்டியலில் எழுதியிருப்பதெல்லாம் நடக்கும் என்று நம்பாதீர்கள். கையேட்டில் முப்பது விருப்பப் பாடம் இருந்தாலும் ஒரு தவணையில் சிலவற்றைத்தான் நடத்துவார்கள். மாணவர் சேரவில்லை என்றால் வகுப்பு ரத்து. ஆகவே பதிவுக்கு முன் துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியது இரண்டு: இந்தத் தவணையில் எது நிச்சயம் நடக்கிறது, யார் நடத்துகிறார்? இரண்டாவது கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பின்னால் உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அவர் உங்கள் வேகத்துக்கும் குணத்துக்கும் ஒத்துவருவாரா என்று 14 வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதைவிட மலிவான வழி இல்லை. அவருக்கும் உங்களைத் தெரிந்திருக்கும். மாணவருக்குப் பதில் போடவே மாதக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மேற்பார்வையாளரைப் பற்றி எனக்கு வந்த குரல் பதிவுகளைச் சேர்த்தால் ஒரு நாடகத் தொடரே ஒலிபரப்பலாம்.

பாடத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள். மூன்று மணி நேரத் தேர்வா, நீண்ட கட்டுரையா? ஆய்வேடு எழுதப் போகிறவருக்குக் கட்டுரை உள்ள பாடம் மேல். நிலச் சட்ட வகுப்பில் 214ஏ பற்றி எழுதும் கட்டுரை, ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்துக்கு விதையாகும். ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே மதிப்பெண் வாங்கிய கட்டுரையை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டினால், சொந்த எழுத்தாக இருந்தாலும் திருட்டாகவே பார்ப்பார்கள். எவ்வளவு எடுக்கலாம், எப்படிக் குறிப்பிட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு. ‘என் மகன் பிசினஸ் டிகிரி, மாஸ்டர்ஸ் லா முடித்தால் லாயர் ஆகிவிடலாமா?’ என்று ஒரு தந்தை கேட்டார். ஆக முடியாது ஐயா. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் கேட்பது, அது ஏற்றுக்கொள்ளும் இளநிலைச் சட்டப் பட்டம் போன்ற தகுதிகளையும், வெளிநாட்டுப் பட்டதாரிகளில் பலர் எழுதும் சி.எல்.பி. தேர்வையும்தான். முதுகலைப் பட்டம் அந்த வழியை உண்டாக்காது. அது ஆழத்துக்காக, விரிவுரைப் பணிக்காக, ஒரு துறையில் பெயர் எடுப்பதற்காக. ‘இன்னும் எத்தனை வருஷம் படிக்கப் போற?’ என்று மகளைக் கேட்கும் அம்மாக்கள், அதோடு ‘எதைப் பற்றி?’ என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சமையலறையில் நின்றபடி அம்மாவுக்குத் தமிழில் விளக்க முடிகிற கேள்வி, மேற்பார்வையாளருக்கும் புரியும்.

கட்டண விஷயம். இபிஎஃப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்க வழி உண்டு. ஓய்வுக்காலப் பணம் என்பதால் அதை இரண்டாவது யோசனையாக வைத்துக்கொள்வது என் கட்சி. சொந்தச் சம்பளத்தில் கட்டுகிறவர்களுக்கு வருமான வரியில் சுயக் கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு எந்தத் துறையாக இருந்தாலும் அது பொருந்தும். ரசீதுகளை 7 ஆண்டுக்குப் பத்திரப்படுத்தி வையுங்கள். வரி வாரியம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.